காயத்துணி வாளி

ஞாயிறு பூசை முடிந்ததும் டெய்லரம்மா நற்கருணை அப்பம் வைத்த சிமிழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நோயாளிகள் இல்லத்துக்கு வந்தார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நன்மை என்னும் அந்த அப்பத்தைக் கொண்டுபோகும் பொறுப்பு அவருக்குப் புதிது. "யாராவது துப்பிட்டா தண்ணியில கரைச்சு மண்ணுல ஊத்துங்க. குப்பைக்கு மட்டும் போகக் கூடாது. அது ஆண்டவரோட உடல்" என்று பங்குச் சாமியார் சொல்லி அனுப்பியிருந்தார்.

கடைசி அறையை நெருங்கும் முன்பே நாற்றம் எதிரே வந்தது. அழுகிய பழமும் ஈரச் சாக்கும் கலந்தது போன்ற இனிப்பு நாற்றம். அது மூக்கோடு நிற்காமல் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

"கைக்குட்டையை வெளிய எடுக்காதீங்க" என்றாள் நர்ஸ். "கொத்தனார் மேஸ்திரிக்கு வாய்தான் போச்சு, கண்ணு கழுகுக் கண்ணு. நேத்து என் தொப்பி கோணலா இருக்குன்னு, சுவத்துக்குப் பிடிக்கிற தூக்குக்குண்டு கேட்டாரு."

திரை போட்ட அறை. மேஸ்திரியின் இடது கன்னத்தைப் புற்று தின்று ஓட்டையாக்கியிருந்தது. உள்ளே பற்கள் தெரிந்தன. மூச்சு விடும்போதெல்லாம் அந்த வழியாக 'ஸ்ஸ்' என்று காற்று கசிந்தது. கட்டிலருகே, கழற்றிய கட்டுத்துணிகள் போடும் மூடி வாளி.

"உள்ள வந்துட்டியே தங்கச்சி" என்றார். "போன தடவை வந்தவரு வாசல்லயே ஜெபம் சொல்லிட்டு ஓடிட்டாரு. சாகுறதுக்குள்ள ஒரு தடவை நன்மை வாங்கிடணும். வேற ஆசை இல்ல."

டெய்லரம்மா அப்பத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி அவர் நாக்கில் வைத்தார். "கிறிஸ்துவின் உடல்."

"ஆமென்."

மேஸ்திரி விழுங்கப் பார்த்தார். தொண்டை மறுத்தது. கன்னத்து ஓட்டை வழியாகச் சீழோடு வழுக்கி வந்த துணுக்கு டெய்லரம்மாவின் விரலில் ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பாக, கொழகொழவென்று.

பஞ்சால் விரலை வழித்து, வாளிக்குள் எறிந்து, மூடியைச் சாத்திவிட்டார்.

பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

மேஸ்திரி வாளியையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "அவரையும் அதுக்குள்ளயா போட்டுட்ட? என் சதையெல்லாம் அங்கதான் கிடக்கு."

'ஸ்ஸ்.'

அவருடைய மூச்சென்றுதான் டெய்லரம்மா நினைத்தார். மேஸ்திரி மெதுவாகக் கையை உயர்த்திக் கன்னத்து ஓட்டையைப் பொத்தினார்.

'ஸ்ஸ்.'

வாளிக்குள்ளிருந்து வந்தது.

மூடி லேசாக எழும்பித் தாழ்ந்தது. எழும்பித் தாழ்ந்தது.

"பயப்படாத" என்று கிசுகிசுத்தார் மேஸ்திரி. "என்னைத் தொடுற மாதிரிதான்."

டெய்லரம்மா மூடியைத் திறந்தார். மஞ்சளும் பழுப்புமாக ஊறிய துணிகள், தூங்குகிறவரின் மார்பு போல ஏறி இறங்கின. வெறுங்கையை உள்ளே விட்டார். சளி போன்ற ஈரம் மணிக்கட்டைச் சுற்றியது. அடியில் அந்தத் துணுக்கு அகப்பட்டது. உடலின் சூட்டோடு இருந்தது.

மேசையிலிருந்த தம்ளர் தண்ணீரில் அதை இட்டார். அது கரையவில்லை. அதிலிருந்து குமிழிகள் வந்துகொண்டே இருந்தன, அதே 'ஸ்ஸ்' ஓசையோடு.

கரைய மறுத்து எதற்காகக் காத்திருக்கிறது?

மேஸ்திரியின் முகத்தைப் பார்த்ததும், அவர் இன்னும் வாங்கவில்லை என்பதற்காகத்தான் என்று அவருக்குப் புரிந்தது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கட்டிலில் அவரை ஒட்டி உட்கார்ந்தார். "என்னை மன்னிச்சிடுங்கண்ணே. இந்தத் தடவை வெளிய வராது. நான் பிடிச்சுக்குறேன்."

புதிய துணுக்கொன்றை அவர் நாக்கில் வைத்து, கன்னத்து ஓட்டையின் மேல் தன் உள்ளங்கையை அழுத்திப் பொத்தினார். ஒரு கரண்டித் தண்ணீர் ஊட்டினார். உள்ளங்கைக்குள் புண்ணின் ஓரங்கள் துடித்தன. சீழ் விரலிடுக்கில் கசிந்தது. கையை எடுக்கவில்லை.

மேஸ்திரியின் தொண்டை ஏறி இறங்கியது.

"போயிடுச்சு" என்றார், குழந்தைபோலச் சிரித்து. அந்தச் சிரிப்போடு கண் மூடியவர் பிறகு திறக்கவில்லை.

தம்ளரில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. டெய்லரம்மா அதைத் தோட்டத்து மண்ணில் ஊற்றினார். நாற்றம் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

பக்கத்து அறையில் பார்வையில்லாத அம்மாள் ஒருவர், வழக்கம்போல, நன்மை வாங்கும் முன் டெய்லரம்மாவின் கையைப் பற்றி முத்தமிடக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். காதை உள்ளங்கையோடு ஒட்டிவைத்து வெகுநேரம் கேட்டார்.

"உள்ள யாருடி மூச்சு விடுறது?"

டெய்லரம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.