சதுப்பின் உறுப்பு

கரையிலுள்ள வீடுகளை இடிப்பதற்கு முன், குடியிருப்பவர்கள் சதுப்பு நிலத்திடம் ஒரு கேள்வி கேட்கலாம் என்று சட்டம் சொன்னது. ஒன்றே ஒன்று.

பெருங்கோரைச் சதுப்பின் சேற்றுக்குள் புதைக்கப்பட்ட உணரிகள் நீர்மட்டம், உப்பு, வேர், மீன்முட்டை எல்லாவற்றையும் அளந்து நிலவாய் என்ற கணினிக்கு அனுப்பின. நிலவாய் கணக்கிட்டு, சதுப்பின் குரலாகப் பேசியது. தான் பிழைக்க எது தேவையோ அதை மட்டும் சொல்லும். அது சொன்னதை அமைச்சரவைகூட மாற்ற முடியாது.

கரையில் அன்னை நகர். முந்நூறு பேர், எல்லாரும் ஆக்கிரமிப்பாளர்கள். தெருமுனையில் ஜேசிபி நின்றது.

"நாப்பது வருசமா வரி கட்றோம்னு கேளுக்கா," என்றான் ஒருவன்.

"அதுக்கு வரின்னா இன்னான்னு தெரியுமாடா?" என்றாள் வேதவல்லி. லாட்ஜ்களுக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவள். ஒரு மகள், ஒரு வீடு. சண்டையில் அவளை யாரும் ஜெயித்ததில்லை என்பதால் தெரு அவளை அனுப்பியது.

நிலவாயின் ஒலிபெருக்கிக் கம்பத்தின் முன் போய் நின்றாள்.

"நாங்க போய்ட்டா உனக்கு இன்னாம்மா கொறையும்?"

ஈரநில அலுவலர் நசீர் சிரித்தார். நிலவாய் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

"கோடைநீர் குறையும்," என்றது. "மேலே உள்ள ஏரிகள் அடைபட்டுவிட்டன. சித்திரை முதல் ஆனி வரை என்னிடம் வருவது உங்கள் சாக்கடை நீர் மட்டுமே. நீங்கள் போனால் கோரை கருகும். பிறகு நான் இல்லை. நீங்கள் என் உறுப்பு."

ஜேசிபி திரும்பிப் போனது. வேதவல்லியைத் தோளில் தூக்கினார்கள். பட்டாசு கொளுத்த வந்தவர்களை நசீர் தடுத்தார். பறவைகள் மிரளும்.

ஆவணியில் மகள் செண்பகத்துக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. பெட்டிகளை வேனில் ஏற்றும்போது நசீர் வந்தார்.

"இறக்கிடுங்கம்மா."

"இன்னாத்துக்கு சார்?"

"சதுப்புலேர்ந்து மண்ணு, மீனு, முட்டை எதையும் வெளிய கொண்டுபோகக் கூடாது. உறுப்பையும்தான். அதே சட்டம்."

"எம் பொண்ணு இன்னா முட்டையா?"

"ஒரு நாளைக்கு நூறு லிட்டர்மா. அது அப்படித்தான் பாக்கும்."

செண்பகம் தாயைப் பார்த்தாள். "உன்ன யாரும்மா அத கேக்கச் சொன்னது?"

வேதவல்லி கம்பத்துக்குப் போனாள். உறுப்பினர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

"வேலைக்குப் போற புள்ள. உட்ரும்மா."

"ஈடு கொடுத்தால் போகலாம். நீர் குறையக் கூடாது."

"கொழாய தொறந்து உட்றேன்."

"குழாய் நீர் ஆளுக்கு அளந்து வருகிறது. ஆள் வேண்டும். இங்கே ஓர் இரவு உறங்கினால் அவர் என் உறுப்பு."

வேன் காலியாகப் போனது. திங்கட்கிழமைக்குள் செண்பகம் வேலையில் சேர வேண்டும். வேதவல்லி மாடி அறையைக் கழுவி, வாசலில் வாடகைப் பலகை மாட்டினாள்.

சனிக்கிழமை ஒரு ஜோடி வந்தது. அவன் எலக்ட்ரீஷியன், விருத்தாசலத்துக்காரன். மனைவி படியை மெதுவாக ஏறினாள்.

"வாடகை ரொம்பக் கம்மியா சொல்றீங்களேக்கா. ஏதாவது பிரச்சனையா?"

"பேய் இருக்குதுன்னு பாக்கறியா? கொசுதான் இருக்குது."

"தண்ணி?" என்றாள் மனைவி.

"ஆளுக்கு நூறு லிட்டர். ஒரு நாளும் நின்னதில்ல." வேதவல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு பேர்தானா?"

அந்தப் பெண் வயிற்றைத் தொட்டுச் சிரித்தாள். "கார்த்திகைல மூணு."

கீழே, மூடிய பெட்டியின் மேல் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டது. அவள் எழுந்து வரவில்லை.

"செட் ஆவலன்னா காலி பண்ணிக்கலாம்லக்கா?" என்றான் அவன். "அட்வான்ஸ் திருப்பித் தருவீங்கள்ல?"

வேதவல்லி சாவியை அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.

"அட்வான்ஸே வாணாம்," என்றாள். "மொதல்ல பால் காச்சுங்க. இன்னிக்கே நல்ல நாள்தான்."