போனுக்கு ஒரு ரொட்டிக்கூடு

வயர் இல்லாத சார்ஜர் என்று சொல்லித்தான் அம்மாவை அதை வாங்க வைத்தேன். பெட்டியைப் பிரித்தால் முதலில் வெளியே வந்ததே ஒரு வயர்தான்.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வயர் இல்லாததுன்னு சொன்னியே விஞ்ஞானி, இது என்ன, அதோட வாலா?"

"அது சார்ஜருக்கு மாமா. போனுக்குத்தான் வயர் கிடையாது. மேல வெச்சா போதும், தானா ஏறிடும்."

"ஓஹோ! போன்ல குத்தற வயரை இந்தத் தட்டுல குத்தணும். அடேயப்பா, என்ன கண்டுபிடிப்பு!"

என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் மாமாவுக்குச் சாப்பாடு செரிக்காது. நான் மூக்கைச் சுருக்கிக் காட்டினேன்.

எங்களுடையது ரொட்டிக் கடை. அம்மா ரொட்டி உருட்டுவார். அம்மாவின் தம்பியான மாமா மாவு பிசையும் மிஷினையும் அடுப்பையும் பார்த்துக்கொள்வார். வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்து ஒரே போன். மாவுக் கையோடு எடுத்து எடுத்து, சார்ஜர் செருகும் ஓட்டைக்குள் மாவு போய் இறுகிவிட்டது.

போன் ரிப்பேர் கடைக்காரர் ஊசியால் நோண்டிப் பார்த்தார். "இதுக்குள்ள ஒரு ரொட்டியே சுடலாம்மா! ஓட்டையை மாத்தணும். பார்ட்ஸ் வர ஒரு மாசம் ஆகும்," என்றார். அவருடைய கண்ணாடி அலமாரியில்தான் அந்த வட்டமான சார்ஜரைப் பார்த்தேன். உங்கள் போனுக்கு ஒத்துவரும் என்று அவரும் சொன்னார். வாங்கலாம்மா, வாங்கலாம்மா என்று நச்சரித்தது நான்தான்.

அதனால்தான் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு என்னையே நான் திட்டிக்கொண்டேன்.

அப்பா சரக்குக் கப்பலில், இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறார். கப்பல் துறைமுகத்தில் நின்றால்தான் பேச முடியும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். எங்கள் போனின் பேட்டரி பழசு, நாலு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் காலையிலிருந்தே அதைப் புது சார்ஜரின் மேல் வைத்திருந்தோம். நாலு மணிக்குப் பார்த்தால் போன் செத்துக் கிடந்தது!

அதை மறுபடி சார்ஜ் ஏற்றி உயிர்ப்பித்தபோது அப்பாவின் குரல் பதிவு வந்திருந்தது. "பதினோரு தடவ கூப்பிட்டேன். எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே? அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு இன்னொரு துறைமுகம். அதை விட்டா நாப்பது நாள் வெறும் கடல்தான்."

அம்மா அதை மூன்று முறை கேட்டார். என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சனிக்கிழமை மதியம் நானே போனைச் சார்ஜர் தட்டின் மேல் வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. கால் மணி நேரம் கழித்து வந்தால் விளக்கு அணைந்திருந்தது. மேசைக்கு அடியில் தம்பி உட்கார்ந்து ரொட்டி ஓரத்தைக் கொறித்துக்கொண்டிருந்தான். எப்போதும் எதையாவது கொறிப்பதால் அவனுக்கு எறும்பு என்று பேர்.

"நீதானே போனைத் தொட்ட?"

"நான் தொடவே இல்லக்கா!"

"பொய் சொல்லாத! போன வாரமும் நீதான் நகர்த்தியிருப்ப. உன்னாலதான் அப்பாகிட்ட பேச முடியல!"

அவன் உதடு பிதுங்கியது. "சத்தியமா இல்லக்கா..."

நான் நம்பவில்லை. கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது என்று அம்மா சொல்வார்.

எறும்பைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு திட்டம் போட்டேன். போனை மறுபடி வைத்து, அதன் மேலும் சுற்றிலும் சல்லடையால் மாவைத் தூவினேன். யார் தொட்டாலும் விரல் தடம் விழும். பிறகு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

யாரும் வரவில்லை. மாமா மட்டும் மாவு பிசையும் மிஷினைப் போட்டார். அது கடகடவென்று ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு அணைந்துவிட்டது!

ஓடிப்போய்ப் பார்த்தேன். மாவில் ஒரு விரல் தடம்கூட இல்லை. ஆனால் போனுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு மாவே இல்லாத பட்டை ஒன்று தெரிந்தது. முதலில் போன் மூடியிருந்த இடம் அது. யாரும் தொடாமலே போன் நகர்ந்திருக்கிறது! மேசையில் உள்ளங்கையை வைத்தேன். மிஷின் ஆட்டத்தில் கை கூசியது.

"மாமா! இங்க வந்து பாருங்க, போன் நடக்குது!"

மாமா குனிந்து பார்த்தார். போன் நத்தையைப் போலத் துளித்துளியாக நகர்ந்துகொண்டிருந்தது. "அட, ஆமா! ஞாயித்துக்கிழமை காலைல பூரா மிஷின் ஓடுமே!" என்றார்.

நான் மேசைக்கு அடியில் குனிந்தேன். "எறும்பு, நீ தொடல."

"அதைத்தானே நான் சொன்னேன்!"

"தெரியாம திட்டிட்டேன்டா. மன்னிச்சிரு."

அவன் பன்னுத் தட்டை எட்டிப் பார்த்தான். "பன்னு குடுத்தா மன்னிப்பேன்." என் பங்கு பன்னை அப்படியே கொடுத்துவிட்டேன்.

"வேற இடத்துல வைக்கலாமேம்மா?" என்று கேட்டேன்.

"இன்னொரு பிளக் அடுப்புப் பக்கத்துலல்ல இருக்கு? அங்க வெச்சா போன் வெந்துரும்," என்றார் அம்மா.

போனுக்கு அடியில் துண்டை மடித்து வைத்தேன். துண்டு தடியாக இருந்ததால் சார்ஜே ஏறவில்லை. டேப் ஒட்டினேன். மாவு மேசையில் டேப் எங்கே ஒட்டும்? கேக் தகரத்துக்குள் வைத்தேன். தகரம் சுட்டது, சார்ஜரில் சிவப்பு விளக்கு மின்னியது.

அப்போதுதான் அம்மா உருட்டி வைத்திருந்த மாவு கண்ணில் பட்டது. ரொட்டிக் கடையில் மாவுக்கா பஞ்சம்?

காகிதத்தில் போனின் அளவை வரைந்துகொண்டேன். மாவைத் தட்டி, நடுவில் சார்ஜர் உட்கார ஒரு வட்டக் குழியும், போன் நகராதபடி அதைச் சுற்றி நிற்க ஒரு வரப்பும் செய்தேன். மாமா அடுப்பில் வைத்தார். வெளியே எடுத்தபோது அது தலையணை மாதிரி உப்பியிருந்தது. போன் என்ன, ஒரு தீப்பெட்டிகூட அதற்குள் உட்காராது.

அம்மா அந்த வாரத்தில் முதன்முறையாகச் சிரித்தார். "ரொட்டி மாவுல ஈஸ்ட் இருக்குடி! உப்பாம என்ன செய்யும்?"

தலையணையை எறும்பு தின்று தீர்த்தான். நான் வெறும் மாவில் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து மறுபடி செய்தேன். இந்த முறை அது செங்கல் போலக் கெட்டியாக வெந்தது. போன் அந்த ரொட்டிக்கூட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க மிஷின் கடகடவென்று ஓடியது. பச்சை விளக்கு அணையவே இல்லை. மூன்றரை மணிக்கு எண்பது சதவீதம் ஏறியிருந்தது.

நாலு மணி ஆனது. போன் அடிக்கவில்லை. நாலு ஐந்து. அம்மா துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். நாலு பத்து. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திடீரென்று கூட்டுக்குள் போன் அடித்தது. அதிர்ந்ததே தவிர, கொஞ்சமும் நகரவில்லை. அம்மா அதைக் கூட்டிலிருந்து எடுத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"கேக்குதா? எல்லாரும் இருக்கீங்களா?" அப்பாவின் குரல்!

அம்மா போனை என்னிடம் நீட்டினார். நான்தான் பேசினேன். "இருக்கோம்ப்பா! போன வாரம் என்னாலதான்ப்பா..." என்று ஆரம்பித்து, வயர், மாவு, தலையணை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன்.

"அவ்வளவும் நீயா செஞ்ச? என் தங்கமே!" என்ற அப்பா, "சரி, அந்தச் சார்ஜர் உருப்படியா, இல்லையா?" என்று கேட்டார்.

மாமா குறுக்கே புகுந்தார். "மெதுவாத்தான் ஏறுது அத்தான். சூடும் ஆகுது. வயரும் இருக்கு. ஆனா மாவுக் கையோட இருக்கற நமக்கு இதான் சரி. விஞ்ஞானி சொன்னா சரியாத்தான் இருக்கும்!"

நான் மாமாவை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அப்போது படக்கென்று ஏதோ உடைந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பினோம். எறும்பின் கையில் கூடு. கூட்டில் ஒரு மூலையைக் காணோம்.

"ஒரே உப்பு," என்றான் அவன்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னமெல்லாம் மாவு ஒட்டிக்கொண்டது.

"நாப்பது நாள் கழிச்சுக் கூப்பிடுவேன். அதுவரைக்கும் கூடு தாங்குமா?" என்று அப்பா கேட்டார்.

"அதுக்குள்ள இன்னும் நாலு கூடு சுட்டுடுவோம்ப்பா," என்றேன். மாமா ஏற்கெனவே மாவை அள்ளிக்கொண்டிருந்தார், ஈஸ்ட் டப்பாவைத் தூரமாகத் தள்ளி வைத்துவிட்டு.