பிணத்துக்கு என்ன கோடு நம்பர்?

"ஐயோ... பொணம்!"

சோதனைக் கொட்டகையே அதிர்ந்தது!

அலறியது கஸ்டம்ஸ் மேடம். மரப்பெட்டியின் மூடியை நெம்பிய கூலியாள் கடப்பாரையைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடியிருந்தான்.

பெட்டிக்குள் ஒரு ஆண். மேலே துணியில்லை. வாய் பிளந்து... கண் நிலைகுத்தி...

சரக்கை வெளியே எடுத்துத் தரவேண்டிய கிளியரிங் ஏஜென்ட் ஒரு பெரியவர். துறைமுகத்தில் அவர் பெயர் 'சந்தேகம்'. ஒரு கடிகாரத்தை நம்பாமல் இரண்டு கட்டியிருப்பவர். ஆனாலும் சரக்குக்கு வரி கணக்கிடும் கோடு நம்பரைத் தப்பாகப் போட்டு இரண்டு தடவை மாட்டியவர். மூன்றாவது தடவை மாட்டினால் லைசென்ஸ் காலி!

"பெரியவரே! என்னத்தை இறக்கியிருக்கீங்க?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் பெட்டிக்கு வெளியில இருக்கிறவன்!"

செத்துவிட்டான் என்றால் உடனே நம்பிவிடுவாரா சந்தேகம்? கழுத்தில் விரல் வைத்தார். ஜில்லென்றிருந்தது. ஆனால்...

துடித்தது!

"உசுரு இருக்கு மேடம்!"

சினிமாவில் பார்த்த வைத்தியம். நெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினார். ஒன்று... இரண்டு...

பிணம் பேசியது!

"அழுத்தம் போதாது. மீண்டும் செய்யவும்!"

பெரியவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் எட்டிப் பார்த்தார். இடுப்பில் ஒரு சுவிட்ச். கடப்பாரை பட்டு ஆன் ஆகியிருந்தது.

"அட, ரப்பர் ஆளு! நர்ஸுங்களுக்கு முதலுதவி சொல்லித் தர்ற மாடல்!"

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஆமா... இதுக்கு என்ன கோடு போட்டிருக்கீங்க?"

இப்போதுதான் பெரியவருக்கு நிஜமாகவே உயிர் போனது!

அலறலில் மறந்தே போனது இப்போது ஞாபகம் வந்தது. ஆபீசில் மகள் நேற்றே சொல்லியிருந்தாள். "அப்பா, கேட்லாக் பாத்துட்டேன். பாடம் நடத்துற மாடல். வரிப் புத்தகத்துல தொண்ணூறாம் அத்தியாயம்."

"கேட்லாக்கை எவன் அச்சடிச்சானோ! கையும் காலும் இருந்தா பொம்மைதான். தொண்ணூத்தஞ்சு!"

அவள் எழுதியதை அடித்துத் திருத்தியவர் இவரேதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மூளைக்கு அவ்வளவு தைரியம்!

"கொலைக் கேஸாவே இருந்திருக்கலாம் மேடம்... அதுல நான் வெறும் சாட்சி..." முனகினார்.

மேடம் ஃபைலைப் புரட்டினார். புருவம் உயர்ந்தது.

"தொண்ணூறாம் அத்தியாயம். பயிற்சி மாடல். கரெக்ட்டாத்தானே போட்டிருக்கீங்க!"

"எ... என்னது?"

மகளுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா... நான் திருத்திக் குடுத்தேனே?"

"நீங்க கண்ணாடி போடாம திருத்தினீங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது பழையபடி மாத்திட்டேன்."

"பெத்த அப்பனையே நம்பலையா?"

"உங்க பொண்ணுதானேப்பா நான்!"

பெரியவர் பெருமூச்சு விட்டு, எழுந்திருக்கப் பெட்டிக்குள் கையை ஊன்றினார். ஊன்றிய இடம் ரப்பர் நெஞ்சு!

"மீண்டும் செய்யவும்!"

"செய்யவே மாட்டேன்டா சாமி!" கும்பிட்டார் சந்தேகம்.