அடியில் ஒளித்த சுருள்

மின்சாரக் கிட்டாரின் உறுமல் அடங்கும் திசை வீட்டுக்குள் இடம் மாறிக்கொண்டிருந்தது.

திருநாவுக்கரசு தீவின் ஹேடோ துறைமுகப் பட்டறையில் மோட்டார் சுருள் சுற்றுபவர். கம்பிகளுக்கு அடியிலிருக்கும் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் சுற்றிய ஒற்றைச் சுருள்தான், கம்பியின் அதிர்வோடு வீட்டு மின்சாரத்தின் உறுமலையும் சேர்த்தே பிடிக்கும், கிட்டாரை மெல்லத் திருப்பினால் ஏதோ ஒரு பக்கம் அது தணியும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் காலையில் சன்னல் பக்கம் தணிந்தது. மத்தியானம் கதவுப் பக்கம். இப்போது அடுப்படிப் பக்கம்.

கிட்டார் தம்பி சிவஞானத்தினுடையது. போன டிசம்பரில் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில், படகிலிருந்து முதலில் அதை நீட்டினான். கரையில் நின்ற அண்ணன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் அவன் கால் வழுக்கித் தண்ணீருக்குள் போனான். பிடிக்கக் கை காலியாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமையோடு அவன் போய் ஒரு வருடம் ஆகிறது. அன்று அவன் நண்பர்கள் அதே கிட்டாரை வாசிக்கக் கேட்டிருந்தார்கள். உறுமல் போக வேண்டும். ஆனால் அவனுடைய அந்த மெலிந்த, கண்ணாடி போன்ற ஒலி போய்விடக் கூடாது. அவனில் மிச்சம் அது ஒன்றுதான்.

ஜங்லிகாட் இசைக்கருவிக் கடைக்காரர் நாகூர் கனி மெயின்லேண்டிலிருந்து இரண்டு பிக்கப் வரவழைத்திருந்தார்.

"அரசண்ணே, இது ஏக்தம் புதுசு. ரெண்டு சுருள் பக்கத்துப் பக்கத்துல. உறுமல் பூரா கதம், தீந்துச்சு. ஹேடோவுல வாசிச்சா ராஸ் தீவுல கேக்கும்."

"ராஸ்ல யாரு பாய் இருக்கா கேக்க? அந்தச் சின்னது?"

"அது பழைய அச்சு. மெட்ராஸ்ல ஒரு ரேடியோ மெக்கானிக் சுத்தினது. மேல ஒரு சுருள், அடியில ஒளிச்சு இன்னொண்ணு, உல்ட்டாவா. இதுலயும் உறுமல் இருக்காது. ஆனா சத்தம் கம்மி."

"ஒலி எப்படி?"

"புதுசு, பிரியாணி தின்னுட்டுப் பாடுற மாதிரி. இது, பட்டினியாப் பாடுற மாதிரி. உங்க தம்பி ரெண்டாவது ஜாதிதானே?"

சிரிக்க நினைத்தார். களைப்பாக இருந்தது. சின்னதை எடுத்துக்கொண்டார்.

தீவில் டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மனைவி மரகதம் கோயிலுக்குப் போயிருந்தாள். தகரக் கூரையிலிருந்து மழைநீர் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருக்க, ஈயத்தோடு உருகிய குங்கிலியத்தின் புகை கண்ணைக் கரிக்க, துறைமுகத்து டீசல் வாடை ஈரக் காற்றில் கனத்து உள்ளே வர, அவர் பழைய பிக்கப்பைக் கழற்றிப் சின்னதன் இரண்டு வயர்களையும் நிதானமாகப் பற்றவைத்தார். கிட்டாரை மேசைமேல் படுக்கவைத்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். வால்வுகள் சிவந்து சூடாகும்வரை காத்திருந்தார்.

உறுமல் இல்லை.

ஒரு வருடத்தில் முதல் முறையாக வீடு அமைதியாக இருந்தது. வெளியிலிருந்து வருவதை இரண்டு சுருள்களும் எதிரெதிராகப் பிடித்து ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சுவது கம்பியில் நடப்பது மட்டும்.

அப்போது கேட்டது. சின்னக் கீச்சு.

தடித்த கம்பிமேல் விரல் வழுக்கிப் போகும்போது எழும் கீச்சு.

காற்று என்று நினைத்தார். காற்றைக் கேட்கப் பிக்கப்புக்குக் காதில்லை. பல்லியா? குனிந்து பார்த்தார். கம்பிமேல் ஒன்றுமில்லை.

மறுபடி கீச்சு. பிறகு ஒரு சுரம். மெலிந்தது. கண்ணாடி போன்றது. சரியான இடத்துக்கு ஒரு மயிரிழை கீழே தொடங்கி மேலே இழுபட்டது. சிவஞானம்தான் அப்படி இழுப்பான்.

சரியான பிக்கப்பைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

மூன்றாவது கம்பி தானாகக் கட்டையில் பதிந்து கிடந்தது. அதைச் சுற்றி மரம் நனைந்திருந்தது.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். வால்வுகள் கறுத்தன. சுரம் நிற்கவில்லை.

"ஞானம்," என்றார். "போதும்டா."

நிற்கவில்லை.

கம்பிகளை அமுக்கி அடக்கிவிட இரண்டு கைகளையும் அவற்றின்மேல் வைத்தார். கம்பி கையில் படவில்லை. அவர் உள்ளங்கைக்கும் கம்பிக்கும் நடுவே விரல்கள் இருந்தன. நான்கு. ஈரமாக, நுனி காய்த்து. அவை மெதுவாகப் புரண்டன. கம்பியை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன.