நூறடிப் பாம்பின் வீடு

நான்கு ஆணிகளையும் பிடுங்கியாயிற்று. பலகை விழவில்லை.

குலேலே ஸ்டூலின் மேல் நுனிக்காலில் நின்று, வாசலின் தலைக்கு மேலிருந்த மரப்பலகைக்கும் சுவருக்கும் நடுவே உளியைச் செருகி நெம்பினான். புயலின் முதல் மழை தெருவை அறைந்துகொண்டிருந்தது. மாலையிலேயே மலை இருண்டு, மின்சாரம் போய், ஒரே அச்சில் வார்த்த சிமெண்ட் வீடுகள் இரு வரிசையாகக் கறுத்து நின்றன.

"இருட்டுறதுக்குள்ள அதை எடு. எடுத்தாத்தான் நானும் பிள்ளையும் உள்ள வருவோம்" என்று சொல்லிவிட்டு, மகள் வைஸைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் பாலாங் வீட்டுக்குப் போயிருந்தாள் அவன் மனைவி செலெப்.

எல்லாம் இந்தப் பலகையால் வந்த வினை. அதில் சுருண்டிருந்தது நூறடிப் பாம்பு. கடித்தால் நூறு அடி நடப்பதற்குள் சாவு. தைவான் மலைகளில் வாழும் பைவான் குடிகளின் வழக்கப்படி தலைவர் வீடுகளுக்கு மட்டுமே உரிய குறி. எத்தனை சுருள், தலை எந்தப் பக்கம் என்று வீட்டுக்கு வீடு மாறும். வாசலில் பார்த்தாலே போதும், இன்னார் வீடு என்று தெரிந்துவிடும். குலேலேயின் குடும்பத்துக்கு அப்படிக் குறி எதுவும் கிடையாது. வீட்டில் இரண்டு அறைகளை விடுதியாக்கியபோது, வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று பழைய ஊர்த் தலைவர் குடும்பமான பலுவான் வீட்டின் பாம்பைச் செதுக்கி மாட்டிவிட்டான்.

"என்னப்பா, ஒரே நாள்ல தலைவர் வீட்டுக்காரன் ஆயிட்ட? இனிமே உன்னைக் குனிஞ்சு கும்பிடணுமா?" என்று அன்றைக்கே பாக்குச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தான் பாலாங்.

"எவன் கேக்கப்போறான்? பலுவான் வீட்டுல ஒரு ஆளாவது மிச்சமிருக்கா?"

பாலாங்கின் சிரிப்பு நின்றது. "அதுதான்டா பயமே. இருந்தா வந்து நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பாங்க."

முன்பொரு புயலில் மலை சரிந்து பழைய ஊர் அழிந்த அன்று, பலுவான் வீடு ஆட்களோடு மொத்தமும் மண்ணுக்குள் போனது; தப்பியவர்களுக்குக் கட்டிக்கொடுத்ததுதான் இந்தச் சிமெண்ட் வீடுகள். ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

இன்று மதியம், வாசலில் விளையாடிய வைஸ் உள்ளே ஓடிவந்தாள். "அப்பா, ஒரு அம்மா வந்து நீ எந்த வீட்டுப் பிள்ளைன்னு கேட்டாங்க. நான் மேல பாம்பைக் காட்டினேன். 'அப்போ நம்ம வீடுதான்'னு சொல்லிட்டு உள்ள வந்துட்டாங்க."

உள்ளே யாரும் இல்லை. ஆனால் கேஸ் அடுப்பு மட்டுமே எரியும் அந்த வீட்டில், பழைய ஊர்க் கல்வீடுகளின் ஈரக் கற்பலகை வாடையும், பல தலைமுறையாகக் கூரையில் படிந்தது போன்ற விறகுப் புகையின் நெடியும் அறை அறையாக நகர்ந்துகொண்டிருந்தன. செலெப் அப்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

குலேலே மறுபடியும் நெம்பினான். பலகை அசைந்தது, வெளியே அல்ல. சுவருக்குள். யாரோ அந்தப் பக்கமிருந்து பிடித்து இழுப்பதுபோல.

எடுக்க முடியாவிட்டால் என்ன, அழித்துவிடலாம். உளியைப் பாம்பின் தலைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்தான். தலை சிதறியது. ஒரு சுருள். இன்னொரு சுருள். மரச்சில்லுகள் முகத்தில் தெறித்தன. மழையில் நனைந்த மரம். ஆனால் சில்லுகள் வெதுவெதுப்பாக இருந்தன.

கடைசிச் சுருளும் போனதும் பலகை தானாகக் கழன்று விழுந்தது.

புகை நெடி நின்றது. குலேலே மூச்சு விட்டான். இப்போது இது எல்லா வீடுகளையும் போல ஒரு வீடு. செலெப்பைக் கூப்பிடலாம். டார்ச்சை எடுக்க உள்ளே கால் வைத்தான்.

கூடத்தில் இருந்தார்கள்.

நான்கு சுவரோரமும். முழங்காலை மார்போடு அணைத்து. அந்தக் காலத்தில் இறந்தவர்களை வீட்டுத் தரைக்கடியில் உட்காரவைத்துப் புதைப்பார்களே, அப்படி. முகமெல்லாம் சேறு.

"வெளிய போங்க!" என்று கத்தினான். "குறியை எடுத்தாச்சு! இது உங்க வீடு இல்ல. இது என் வீடு. இது..."

தன் வீட்டுப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். பிறந்ததிலிருந்து சொன்ன பெயர். வரவில்லை. தேடினான். இல்லை.

"பலுவான்" என்றது அவன் வாய்.

"தெரியும்பா" என்றாள் ஒரு பெண், பரிவாக. "நாங்க வீட்டைத் தேடி வரல. ஒரு ஆள் குறையுது. அதைத்தான் தேடிட்டிருந்தோம். உட்காரு."

இருவருக்கு நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது.

அவன் முழங்கால் மடங்கியது. தானாக.

தெருவில் செலெப்பின் டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி வந்தது. "குலேலே! எங்க இருக்க? எல்லா வீடும் ஒண்ணு போலவே இருக்கே..."

இங்கே. இங்கே. கத்தினான். சத்தம் வரவில்லை. வாய் நிறைய மண்.

திறந்திருந்த கதவு வழியே வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் தடவியது. அவன் முகத்தின் மேல் நின்றது. தாயின் தோளிலிருந்து வைஸ் அவனையே உற்றுப் பார்த்தாள்.

"இது நம்ம வீடு இல்லம்மா. இங்க யாரோ நிறையப் பேர் உட்கார்ந்திருக்காங்க."