நாற்பத்தொரு நிமிடங்கள்

முதல் நாள் சங்கமித்ரா கவனித்தது லாப்டாப்பை அல்ல, டீயை.

மேசையில் வைத்தபோது டம்ளரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அவள் சரிபார்க்க வேண்டிய மருத்துவமனைக் காகிதங்களில் ஒன்றைத் திறந்தாள். அடுத்த பக்கத்துக்குப் போகும்போது திரை அப்படியே நின்றது. அம்புக்குறி நகரவில்லை. மூலையில் மணி 3:02 என்றே நின்றது. புது லாப்டாப் ஆயிற்றே, இரண்டு நாள்கூட ஆகவில்லையே என்று எரிச்சலோடு ஒரு நிமிடம் காத்திருந்தாள். அது தானாகவே உயிர் பெற்றது. மணி 3:13 என்றது. டீயை எடுத்தாள். டம்ளர் ஆறிப்போயிருந்தது. மேலே ஆடை தடித்துப் படிந்திருந்தது.

சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். கார்த்திகேசன் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"அப்டேட் ஓடியிருக்கும். புது மிஷின்ல அப்படித்தான் ஆகும். எவ்ளோ நேரம் நின்னுது?"

"ஒரு நிமிஷம் இருக்கும். ஆனா மணி பதினோரு நிமிஷம் தாண்டிடுச்சுங்க."

"நீ வேலை மும்முரத்துல இருந்திருப்ப," என்றான். பதினோரு நிமிடம் என்ற சொல்லை மட்டும் வாய்க்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொண்டான்.

லாப்டாப் அவன் வாங்கித் தந்ததுதான். பழையது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் பிரிக்காத பெட்டியோடு ஒரு நாள் வந்து நின்றான். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவளுக்கு நல்ல மிஷின் வேண்டாமா என்றான். ராத்திரி உட்கார்ந்து அவனே எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தான். சங்கமித்ராவின் வாழ்க்கையில் அவளுக்கென்று புதிதாக எதையும் யாரும் வாங்கித் தந்ததில்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத் தூசி அப்பாவின் நுரையீரலைத் தின்றுகொண்டிருந்த ஒன்பது வருடங்களும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வயதில் இந்த வரன் வந்தது. கார்த்திகேசனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி மகா எட்டே மாதத்தில் கோர்ட் மூலம் பிரிந்து கனடாவுக்குப் போய்விட்டாள் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னான். ஒளிக்காமல் சொன்னதாலேயே அவனை அவளுக்குப் பிடித்தது. கல்யாணத்துக்கு முன்பே அப்பா இறந்தபோது மூன்று நாள் தங்கவயல் மாரிக்குப்பம் வீட்டில் தரையில் படுத்துக் கிடந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவனும் அவன்தான்.

ஓசூர் ரோட்டை ஒட்டிய சந்தாபுராவில் நான்காவது மாடி வீடு. அந்த ஜூலை மாதம் தூறல் ஓயவே இல்லை. மத்தியானங்களில் கட்டடமே காலியானது போல இருக்கும். ஓசூர் ரோட்டில் அத்திபெலே பக்கம் போகும் லாரிகளின் இரைச்சல் மழைக்குள் அமுங்கிப்போய், யாரோ பக்கத்து அறையில் மூச்சுவிடுவது போலத் தேய்ந்து கேட்கும். ஏரிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் அழுகிய ஆகாயத்தாமரை நாற்றம் ஜன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்து, உலராத துணிகளின் புளித்த வாடையோடு கலந்து, கூடத்தின் மூலைகளில் அடைந்து கிடக்கும். அந்த நேரத்தில்தான் தினமும் லாப்டாப் நின்றது. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பின்.

அவளுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்தாள். அப்டேட்டுகளை ஒவ்வொன்றாக முடித்தாள். வேண்டாத புரோகிராம்களை நீக்கினாள். சூடாகிறதோ என்று அடியில் இரண்டு புத்தகம் வைத்து உயர்த்தினாள். மெமரியைச் சோதிக்கும் சோதனையை ஓடவிட்டாள். பழுது இல்லை என்று வந்தது. ஒரு ஞாயிறு கார்த்திகேசனே உட்கார்ந்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டதாகச் சொல்லிக் கொடுத்தான். திங்களன்று பத்தொன்பது நிமிடம் நின்றது. அடுத்த வாரம் முப்பத்து நான்கு.

நின்று மீண்ட பிறகு சின்னச் சின்னதாக ஏதோ சரியில்லாமல் இருந்தது. அவிழ்த்துவிட்டிருந்த கூந்தல் கொண்டையாக முடிந்திருந்தது. நாற்காலி ஜன்னல் பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. வாயில் சோம்பு வாசனை அடித்தது. அவள் சோம்பு தின்பதில்லை. அந்த வாசனை வந்தாலே அப்பாவின் ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம் வந்து குமட்டும்.

"தூக்கம் பத்தலை உனக்கு," என்றான் கார்த்திகேசன். "கொண்டை போட்டதையே மறந்துட்டியா?" அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தான். பிறகு படுக்கையில் அந்தப் பக்கம் திரும்பி, இயர்போனை மாட்டிக்கொண்டு போனில் எதையோ பார்த்தான். கிரிக்கெட்டாக இருக்கும் என்று நினைத்தாள். இருட்டில் அவன் சிரிப்பது தெரிந்தது. அவளிடம் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, அவள் அனுப்பியிருந்த புகாரைப் பார்த்து ஆபீஸ் ஹெல்ப் டெஸ்க்கிலிருந்து ரூபினி அழைத்தாள். தங்கவயல் ராபர்ட்சன்பேட்டைப் பெண். ஒரே ஊர் என்று தெரிந்ததிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தன் இடத்திலிருந்தே லாப்டாப்புக்குள் நுழைந்து வெகுநேரம் எதையோ தேடினாள். திரையில் அம்புக்குறி தானாக ஊர்ந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கோச்சுக்காதீங்க. நேத்து மூணு மணிக்கு நீங்க சீட்ல இருந்தீங்களா?"

"இருந்தேன். மிஷின் ஹேங் ஆச்சு, நான் பாத்துட்டே உக்காந்திருந்தேன்."

"மிஷின் ஹேங் ஆகலக்கா." ரூபினி தயங்கினாள். "லாக்ல எல்லாம் பதிவாகும். எங்கயும் நிக்கல. செகண்டுக்கு செகண்டு ஓடியிருக்கு. 3:02-ல இருந்து 3:43 வரைக்கும் கீபோர்டையும் மவுஸையும் யாரும் தொடல. அவ்ளோதான்."

சங்கமித்ரா விசைகளிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னொண்ணு. அந்த நாப்பத்தோரு நிமிஷமும் கேமரா ஆன்ல இருந்திருக்கு. பக்கத்துல இருக்கிற லைட் எரியாத மாதிரி செட் பண்ணியிருக்காங்க. வீடியோ எல்லாம் மறைவா ஒரு ஃபோல்டர்ல போகுது. அங்கிருந்து ஒரு போனுக்கும் போகுது. அது கார்த்திகேசன்னு ஒருத்தர் போட்ட புரோகிராம்."

"அது என் வீட்டுக்காரர்."

"தெரியும்க்கா. அதான் சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். நான் எதையும் திறந்து பாக்கல. பதினேழு வீடியோ இருக்கு."

சந்தேகப்படுகிறானா? தன்னை வேவு பார்க்கிறானா? முதலில் வந்தது அவமானம்தான். பிறகு எதற்கென்று தெரியாமலே இன்டர்காமை எடுத்துக் கீழே வாட்ச்மேன் முனிகிருஷ்ணனைக் கூப்பிட்டாள். சார் எப்போதாவது மத்தியானம் வருகிறாரா என்று கேட்டாள்.

"எப்பவாவதா? தினா மூணு மணிக்கு வர்றாரேம்மா. மத்தியானச் சாப்பாட்டுக்கு, ஊட்டா பண்ண வர்றாருன்னு நான் நெனச்சேன். நாலு மணிக்குத் திரும்பிப் போவாரு." அவர் சிரித்தார். "ஏன், நீங்க வீட்லதானே இருக்கீங்க?"

இன்டர்காமை வைத்தாள். கூடத்தின் தரையைப் பார்த்தாள். தினமும் இந்தத் தரையில் அவன் நடந்திருக்கிறான்.

ரூபினியை லைனில் வைத்துக்கொண்டே முதல் வீடியோவைத் திறந்தாள்.

அவள்தான். இதே நாற்காலி, இதே ஜன்னல், பின்னால் மழை. திரையைப் பார்த்தபடி இருந்த அவள் முகம் 3:02-க்கு நின்றது. கண் இமைக்கவில்லை. விரல்கள் விசைகளுக்கு மேலே, காற்றில். பின்னால் திரைச்சீலை அசைந்தது. டம்ளரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. சங்கமித்ராவுக்குப் புரியச் சற்று நேரமானது. நின்றுபோனது லாப்டாப் அல்ல.

கதவு திறந்தது. கார்த்திகேசன் வெறுங்காலோடு உள்ளே வந்தான். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். அவள் இமையைப் பெருவிரலால் தூக்கிப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஆறாவது வீடியோவில் அவள் உதடுகள் அசைந்தன.

பன்னிரண்டாவதில் அவள் பேசினாள். அவளுடைய குரல்தான். ஆனால் அவள் அப்படிப் பேசமாட்டாள். சொற்களை இழுத்து, ஒரு பக்க வாயால், சலிப்போடு. "ஏன்டா இவ்ளோ நேரம்?" என்றது அந்தக் குரல். கைகள் மெல்ல எழுந்து கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டன. கார்த்திகேசன் சட்டைப் பையிலிருந்து சோம்பை எடுத்து ஒவ்வொன்றாக அவள் வாயில் வைத்தான். அவன் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. இருட்டில் போனைப் பார்த்துச் சிரித்தானே, அதே சிரிப்பு.

"மகா," என்றான்.

கனடாவுக்குப் போய்விட்டாள் என்று அவன் சொன்ன முதல் மனைவி. அவள் எங்கேயும் போகவில்லை.

நேற்றையது கடைசி வீடியோ. நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தலை அவள் மடியில்.

"இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டான்.

"அவ லாப்டாப்பைக் குத்தம் சொல்லிட்டு இருக்கிற வரைக்கும் கதவு திறந்திருக்கும்."

"தெரிஞ்சுட்டா?"

அவள் வாய் கொஞ்சம் யோசித்தது. "தெரிஞ்சா பயப்படுவா. பயந்தா இன்னும் சுலபம்."

"பாவம்தான்," என்றான் அவன். "நல்ல பொண்ணு. அவங்கப்பனுக்காக ஒம்பது வருஷம் அசையாம உக்காந்திருந்தவ. அதைப் பாத்துத்தான் எடுத்தேன்."

வீடியோ முடிந்தது. ஜன்னலில் மழை சத்தம். மாரிக்குப்பம் வீட்டின் தரையில் மூன்று நாள் படுத்துக் கிடந்தவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், ஆள் நன்றாக உட்காருவாளா என்று.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? என்ன இருக்கு அதுல?"

"இருக்கேன்." வீடியோவை மூடினாள். "மணி என்ன?"

"ரெண்டே முக்கால். அக்கா, என்னன்னு எனக்குத் தெரியல, ஆனா முதல்ல வெளிய வந்துடுங்க. எங்க அண்ணன் க்ளென் எலக்ட்ரானிக் சிட்டியிலதான் இருக்கான். பைக்ல வரச் சொல்றேன்."

எழுந்தாள். பையில் இரண்டு புடவை, போன் சார்ஜர், அப்பாவின் போட்டோ. செருப்பைப் போட்டுக்கொண்டாள். கதவைத் திறந்துவிட்டாள். காரிடாரில் யாருமில்லை. ஈரக் காற்று முகத்தில் அடித்தது. அப்படியே போயிருக்கலாம்.

ஆனால் யார் நம்புவார்கள்? தங்கவயலில் இருக்கும் கூடப்பிறந்த அக்கா நம்புவாளா? போலீஸ் நம்புமா? பைத்தியம் என்றுதான் கார்த்திகேசன் சொல்வான். நெற்றியில் கைவைத்துப் பார்த்து, தூக்கம் பத்தலை என்பான். இந்த வீடியோக்கள் போனால் வேறு சாட்சி இல்லை. திரும்பி வந்து பென் டிரைவைச் செருகினாள். பதினேழு வீடியோவையும் அதில் ஏற்றத் தொடங்கினாள்.

எட்டு நிமிடம் ஆகும் என்று திரை சொன்னது.

"காப்பி பண்ணிட்டு இருக்கேன்," என்றாள்.

"சீக்கிரம்க்கா. க்ளென் கிளம்பிட்டான்."

நின்றுகொண்டேதான் இருந்தாள். உட்காரக் கூடாது என்று நினைத்தாள். திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். கேட்டுக்குள் ஒரு குடை நுழைந்தது. அவசரமில்லாமல் வந்தது. கறுப்புக் குடை.

நாற்காலியின் கையைப் பிடித்தாள்.

அறுபத்தொரு சதவீதம்.

எழுபது.

லிஃப்ட் கீழே இறங்கும் ஓசை.

நாற்காலியில் இருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

எண்பத்தெட்டு.

திரை நிற்கவில்லை. பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது. மணி 2:58 ஆனது. 2:59 ஆனது. மழை ஓடியது. திரைச்சீலை அசைந்தது. எல்லாம் ஓடியது.

நூறு.

பென் டிரைவை உருவ வேண்டும். கை எழவில்லை. விரல் நுனிகூட. கண்ணை மூட நினைத்தாள். இமை வரவில்லை. வழக்கம்போல ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று எதிர்பார்த்தாள். போகவில்லை. இந்த முறை அவள் உள்ளேயே இருந்தாள். எல்லாம் கேட்டது.

"அக்கா? முடிஞ்சுதா? ஹலோ?"

மேசைமேல் போன். ஸ்பீக்கரில் ரூபினியின் குரல். கத்தினாள் சங்கமித்ரா. உள்ளே எங்கேயோ. வெளியே எதுவும் வரவில்லை.

பிறகு வந்தது.

"முடிஞ்சுது ரூபினி," என்றது அவள் வாய், நிதானமாக, அவள் எப்போதும் பேசுகிற மாதிரியே. "நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். உங்க அண்ணனைத் திரும்பிப் போகச் சொல்லிடு. லாப்டாப் சரியாயிடுச்சு."

"நிஜமாவா அக்கா?"

"நிஜமா."

ரூபினி பெருமூச்சு விடுவது கேட்டது. லைன் அறுந்தது.

திறந்து கிடந்த கதவில் கார்த்திகேசன் நின்றிருந்தான். தரையில் கிடந்த பையைப் பார்த்தான். அவள் காலில் இருந்த செருப்பைப் பார்த்தான். குடையை மூலையில் சாய்த்துவிட்டு, வந்து முழங்காலிட்டு, இரண்டு செருப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான். பிறகு அவள் முகத்துக்கு மிக அருகில் குனிந்து தேடினான்.

"மகா?"

"ம்."

"இனிமே போக மாட்டியே?"

"மாட்டேன்."

அவன் சிரித்தான். சட்டென்று நிறுத்தினான். அவளுடைய இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கிக் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"அவ இன்னும் இருக்கா," என்றான், குரலைத் தாழ்த்தி.

"இருக்கட்டும்," என்றது அவள் வாய், சோம்புக்காகக் கையை நீட்டியபடி. "கொஞ்ச நாள் அழுவா."

அவன் பெருவிரலால் அந்த நீரைத் துடைத்துப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டான். இன்னொரு சொட்டு வருகிறதா என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.