கிணற்றின் பசி

செண்பகவல்லியின் கிணறு பிற்பகல் முழுவதும் பாடிக்கொண்டிருந்தது. உள்ளே விட்டிருந்த எண்ணெய்த்தின்னிகள் பெட்ரோலை உண்ணும்போது எழுப்பும் ரீங்காரம் அது. தெருவுக்கு அடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து, பன்னிரண்டு வீட்டுக் கிணறுகளும் வருடக்கணக்கில் கெட்டுக் கிடந்தன. கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர்கள் இறங்கிய பிறகு, தண்ணீரில் மிதந்த வானவில் படலம் நாளுக்கு நாள் சுருங்கியது. ரீங்காரம் வீடுகளுக்குள் நுழைந்தது. தெருவே பாதித் தூக்கத்தில் நடமாடியது.

அவளுடைய இருபது நாள் மகள் அந்த ஓசை கேட்டால்தான் கண் மூடுவாள். முப்பதாம் நாள் கிணற்றுக்குப் பூசை போட்டு, அதன் தண்ணீரிலேயே பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும். கிணறு கெட்டிருந்ததால் மூத்த மகனுக்குக் கிடைக்காத கொடுப்பினை அது.

நீராய்வாளர் ரெஜினா நச்சளவியைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தாள்.

"கிட்டத்தட்ட சுத்தமாயிடுச்சுக்கா. இன்னும் மூணு நாள். தின்ன ஒண்ணும் இல்லாம அதுங்க செத்துரும். அப்புறம் தாராளமா குடிக்கலாம்."

"பட்டினி போட்டுச் சாவடிப்பீங்களா?"

"அது வெறும் கிருமிக்கா."

மறுநாள் ரீங்காரம் முனகலாகத் தேய்ந்தது. குழந்தை வீறிட்டாள். பச்சை உடம்புக்காரி, தன் வீட்டில் ஒன்று பசியில் முனகுவதை எத்தனை நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்? கணவனின் பழைய ஸ்கூட்டரிலிருந்து ஒரு டம்ளர் பெட்ரோல் பிடித்து வந்து ஊற்றினாள். ஒரு டம்ளர்தானே என்று நினைத்தாள். கிணறு நிறைவாகப் பாடியது. குழந்தை உறங்கினாள். சுவரில் சாய்ந்திருந்த செண்பகவல்லியும், தெளிந்த நீருக்குள் மகளோடு மிதப்பதாகக் கனவு கண்டாள்.

இருபத்தொன்பதாம் நாள் ரெஜினா மறுபடி வந்தாள். நச்சளவி சிவந்தது.

"யாருக்கா ஊத்துனது?"

செண்பகவல்லி தலை குனிந்தாள். "பசின்னு அழுதுச்சு. தினம் ஒரு டம்ளர்தான் ஊத்துனேன்."

ரெஜினா திட்டவில்லை. கயிற்றைச் சுருட்டியபடி சொன்னாள்: "கசிஞ்ச குழாயை போன வருஷமே அடைச்சாச்சு. ஆனா பன்னெண்டு கிணறும் இப்ப இப்படித்தான் இருக்கு. எல்லா வீட்லயும் ஒரு டம்ளர்தான் ஊத்துனாங்களாம்."

மறுநாள் கிணற்றுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, கேன் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள்.  செண்பகவல்லி துவட்டும்போதே குழந்தை சிணுங்கினாள். கிணற்றின் குரலும் இறங்கத் தொடங்கியிருந்தது.

அவள் டம்ளரைத் தேடினாள்.